ஜெர்மன் கோட்டில் மூன்று முடிச்சு

எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை சேர்க்கும் தம்பி ஒருவர் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். "அக்கா, நீங்கள் சினிமாவில வேலை செய்தனீங்களாம். நடிகர்மாரைப் பற்றி எழுதித் தாங்கோ" என்றார். நான் நடிகர்களைக் கண்டதில்லை. அவர்களுடைய கக்கத்து வியர்வைக் கறைகளைக் கண்டிருக்கிறேன், அதுவும் ஆள் இல்லாமல், உடுப்பில் மட்டும். அதைச் சொன்னேன்.  தம்பி, "சரி அக்கா, அதையெண்டாலும் எழுதுங்கோ" என்றார். பாவம், அவருக்குப் பக்கங்கள் நிரம்பவேண்டும்.

டொரொன்டோவில் படம் எடுப்பவர்களுக்கு உடுப்பு வாடகைக்கு விடும் இடமொன்றில் நான் வேலை செய்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சாமான் கிட்டங்கி. உள்ளே போனால் கூரைவரை கம்பிகள், கம்பி முழுக்க உடுப்புகள். பொலிஸ்காரர், பாதிரியார், மாப்பிள்ளை, பிச்சைக்காரர், உலகத்தில் உள்ள இராணுவங்கள் எல்லாம் அங்கே பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. சண்டை இல்லாமல் அவை அப்படி நின்றதை வேறெங்கும் நான் காணவில்லை. இப்போது படத்துக்கு வேண்டிய கூட்டத்தைக் கணினியிலேயே வரைந்துவிடுகிறார்களாம். ஆள் வேண்டாம், ஆகவே உடுப்பும் வேண்டாம். கம்பிகள் காலியாகத் தொடங்கியபோது என் மணிக்கட்டும் இனி ஏலாது என்றது. நான் விலகினேன்.

சேர்ந்தபோது எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஊரில் ஓ.எல். பரீட்சையின் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் தவறியவள். தையல் தெரியுமா என்று கேட்டார்கள். தலையாட்டினேன். வேறு எதையும் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். முதலில் இஸ்திரி, பிறகு பொத்தான், பிறகு திருத்தம் என்று மெல்ல மெல்ல உள்ளே போனேன்.

எங்கள் பகுதிக்குத் தலைவி இலோனா. ஹங்கேரிக்காரி. உயரம், மெலிவு, கழுத்தில் எப்போதும் அளவுநாடா. அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலக் குறைவுதான். ஆனால் அவர் அதைக் கட்டளைக்கு மட்டும் பாவித்தபடியால் போதுமாக இருந்தது. "நல்லது" என்று யாரிடமும் சொன்னதை நான் கேட்கவில்லை. வேலை சரியென்றால் உடுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிழையென்றால் அதை உங்கள் மேசைக்கு முன்னால் தொங்கவிடுவார். திட்டமாட்டார். அது தொங்கும். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யவேண்டும்.

முதல் ஆண்டில் என் மேசைக்கு முன்னால் ஒரு பிச்சைக்காரனின் கோட் தொங்கியது. படத்துக்காகப் புதுத் துணியைக் கிழித்து, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, உரசுதாளால் தேய்த்து, மூன்று பேர் ஒரு வாரமாகப் பழசாக்கிய கோட். அது தவறுதலாக என் கூடைக்குள் வந்தது. நான் தோய்த்தேன். கிழிசல்களைத் தைத்தேன். கொலருக்குக் கஞ்சி போட்டு மடித்தும் வைத்தேன். யாரோ ஏழைக்குச் செய்த உதவிபோல மனதுக்குள் ஒரு திருப்தி. மறுநாள் படப்பிடிப்பில் அந்தப் பிச்சைக்காரன் வங்கி முகாமையாளர்போல இருந்தானாம்.

ஆனால் என் பெரிய வியாதி முடிச்சு. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தையல் படிப்பித்த ரீச்சர், தைத்ததைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பிரிந்தால் முழங்காலில் நிற்கவேண்டும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு தையலின் முடிவிலும் மூன்று முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுப்பது என் வழக்கம். இங்கேயோ சட்டம் நேரெதிர். ஒரு நடிகருக்காக இடுப்பை இளக்கினால், படம் முடிந்ததும் அதைப் பிரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேண்டும். துணியை வெட்டக்கூடாது. நாங்கள் தைப்பதே பிரிப்பதற்குத்தான். இலோனா என் முடிச்சுகளை ஊசிமுனையால் கிளப்பிப் பார்த்துவிட்டு, "என்ன, ஆடு கட்டுகிறாயா?" என்று கேட்டார். எங்கள் கலியாணத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு என்று அறியாத்தனமாக ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, "மலர் இன்றைக்கு எத்தனை காற்சட்டைகளைக் கலியாணம் கட்டினாள்?" என்பதுதான் மதியச் சாப்பாட்டு மேசையின் கேள்வி.

காலப்போக்கில் முடிச்சு குறைந்தது. பழைய உடுப்புகளைச் சோதிக்கும் வேலையும் எனக்கு வந்தது. வியாபாரிகள் உண்மையான பழைய சீருடை என்று கொண்டுவருவார்கள். அது உண்மையா, யாருக்குத் தைத்தது, எத்தனை பேர் போட்டது என்று நாங்கள் பார்க்கவேண்டும். அதற்கு இலோனா ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் கையை வைக்காமல் தூரத்திலிருந்து பார். பிறகு முகர்ந்து பார். பிறகு கொலரின் உட்பக்கம், ஏனென்றால் நடிகரின் பெயர் எழுதிய நாடாவை நாங்கள் அங்கேதான் நான்கு குத்தில் தைப்போம். வெட்டி எடுத்தாலும் குத்து நிற்கும். பிறகு கைகள். இடுப்பைக் கடைசியில்தான் பார்க்கவேண்டும். "இடுப்பு பொய் சொல்லும்" என்பார். இந்த ஒழுங்கைப் பாடமாக்கி வைத்திருந்த நான், தேவைப்பட்ட அந்த ஒரேயொரு நாளில் இடுப்பில் தொடங்கினேன்.

அன்று மதியம் இலோனா வெளியில் போயிருந்தார். சாமான் இறக்கும் கதவடியில் ஒரு தமிழ் அம்மா நிற்பதாக வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பவானி அக்கா. நான் கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில், அவர்களுடைய கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தேன். எனக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கித் தந்தவர் அவர்தான். கையில் மரக்கறிக்கடைப் பை. பைக்குள் ஒரு கோட்.

"மலர், நீ உந்த உடுப்புக்காரரோடதானே வேலை செய்யிறாய். இதைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லு."

சாம்பல்பச்சை நிறம். தடித்த கம்பளித் துணி. நெஞ்சில் வலப்பக்கம் ஒரு பறவையின் வடிவில் துணி கடும் நிறமாக இருந்தது. கழுகுச் சின்னம் இருந்த இடம். ஜெர்மன் இராணுவ அதிகாரியின் கோட் என்று எங்கள் இஸ்திரிக்காரிகூடச் சொல்வாள்.

அக்காவின் அடுத்த வீட்டில் வில்லி என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். ஒல்லாந்துக்காரர், தனி ஆள். அக்காவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனவர், அவர்களுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சொதி என்றால் இரண்டாம் தரமும் கேட்பாராம். அந்த மாரிக் குளிரில் செத்துப்போனார். உறவென்று யாரும் வரவில்லை. சாம்பலை அக்காதான் வாங்கி வைத்திருந்தார், பனி போனதும் ஏரியில் கரைப்பதாக. கட்டடக் காவலாளி கிழவரின் பெட்டியையும் அவரிடம் கொடுத்தான். அதைத் திறந்தபோதுதான் இந்தக் கோட்.

"போரில எங்கட சைக்கிளை ஜெர்மன்காரன் பறிச்சவன் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவார். நாங்களும் பாவம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனாங்கள்." அக்காவின் குரல் மெல்லத்தான் வந்தது. "ஊரில என்ர தம்பியைக் கொண்டுபோனவங்களும் இப்பிடி உடுப்புப் போட்டவங்கள்தான். முதல் சைக்கிளை வாங்கினாங்கள். பிறகு ஆளை. அப்பிடி ஒருத்தனுக்கோ நான் இவ்வளவு காலம் சோறு போட்டனான்? கிழவர் போட்டதோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு. போட்டதெண்டால் அந்தச் சாம்பல் என்ர வீட்டில ஒரு இரவும் இருக்கக்கூடாது."

அக்கா அதற்கு முன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னை நிபுணர் என்று நினைத்து எதிரில் நிற்கிறார். எனக்கு வாய் வந்துவிட்டது. வாய் இல்லாதவர்களுக்கு அது திடீரென்று வந்தால் நிற்பாட்டத் தெரியாது.

கோட்டை மேசையில் விரித்தேன். உட்பையில் தையற்காரரின் பெயர்த்துண்டு இருந்தது. உரியவரின் பெயரை எழுதிய மை கரைந்து நீலமாய்ப் படர்ந்திருந்தது. உள்துணி உண்மையானது, பொத்தான் உண்மையானது. "இது படத்துக்குச் செய்த போலி இல்லை அக்கா, அசல்" என்றேன். பிறகு இடுப்புக்குப் போனேன். பக்கத் தையல்கள் இரண்டும் கையால் இளக்கப்பட்டிருந்தன. கோணல் தையல், நிறம் பொருந்தாத நூல்.

"பாருங்கோ" என்றேன். ஏதோ தொலைக்காட்சியில் விளக்கம் சொல்பவளைப்போல விரலால் காட்டினேன். "இது தையற்காரர் தைச்சதில்லை. தையல் தெரியாத ஆம்பிளை ஒருத்தர் தானே தைச்சது. போர்க்களத்தில, வெளிச்சம் இல்லாமல், கை நடுங்க நடுங்கத் தைச்சிருக்கிறார். சரியான நிற நூல்கூடக் கிடைக்கேல்லை. அவிழ்ந்திடுமோ எண்ட பயத்தில எவ்வளவு முடிச்சுப் போட்டிருக்கிறார், பாருங்கோ!"

அக்கா அந்த முடிச்சுகளைப் பார்த்தார்.

"வில்லிக்கு ஊசி பிடிக்கத் தெரியாது" என்றார். "பொத்தான் கழண்டால் என்னட்டைத்தான் கொண்டு வருவார். வயிறும் இருந்தது." பிறகு, "அப்ப அவன்தான்" என்றார். அதுவரை அவர் என்று சொன்ன வாய்.

கோட்டை எடுக்கவில்லை. "எரிக்கிறதெண்டால் எரி. பின்னேரம் இவரைக் கொண்டு சாம்பலை வாங்கின இடத்திலயே திருப்பிக் குடுப்பிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் என்பது கணவர் குலம் அண்ணை. நான் கதவடியில் நின்று, கவலைதான், ஆனாலும் எவ்வளவு தெளிவாக விளக்கினேன் என்று என்னைப் பாராட்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இலோனா திரும்பி வந்தார். மேசையில் இருந்த கோட்டைத் தூரத்திலிருந்து பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கொலரைப் புரட்டினார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். கைகளைப் பார்த்தார். கடைசியாக இடுப்பு.

"இதைத் தைத்தது யார்?" என்று கேட்டார்.

நான் போர்வீரன், இருட்டு, நடுங்கும் கை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். இலோனா குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். அவர் அப்படிப் பொறுமையாகக் கேட்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

அவர் ஒரு நூலை உருவி எடுத்து, தீக்குச்சி கிழித்து நுனியைச் சுடரில் காட்டினார். பஞ்சுநூல் என்றால் சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியானது. நைலோன் போன்ற செயற்கை நூல். அந்தப் போர்க்காலத்துச் சிப்பாயிடம் இருந்திருக்கமுடியாத நூல். எங்கள் அலுமாரியில் பெட்டி பெட்டியாக இருந்த நூல். பிறகு கொலரின் உட்பக்கத்தைக் காட்டினார். நான்கு குத்து. பிறகு என் விரலைப் பிடித்து முடிச்சில் வைத்தார்.

"எண்ணு."

மூன்று.

"சிப்பாய் நீதான்" என்றார் இலோனா.

 போர்க்களத்தில் வெளிச்சமில்லாமல் கை நடுங்கத் தைத்தது, வேலைக்குச் சேர்ந்த முதல் மாரியில், பட்டப்பகலில், இந்த மேசையில் இருந்துகொண்டு நான்.

இலோனாவுக்கு ஞாபகம் வந்தது. ஏதோ தொலைக்காட்சிப் படம். விருந்துக் காட்சி ஒன்றுக்குக் கிழட்டுத் தளபதிகள் வேண்டுமென்று, ஓய்வுச் சம்பளக்காரர்களை ஒருநாள் கூலிக்குப் பிடித்திருந்தார்கள். திரும்பி வந்ததில் ஒரு கோட் குறைந்தது. தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பேசிக்கொண்டே அவர் கோட்டுக் கைகளின் நுனியைப் பிரித்தார். அங்கேயும் என் முடிச்சுகள், ஆகவே வாய்க்குள் எதையோ ஹங்கேரி மொழியில் சொல்லிக்கொண்டு வெட்டினார். உள்ளே மடித்திருந்த துணி இறங்கியது. கை நீண்டுகொண்டே போனது.

"மனிதன் கொழுப்பான்" என்றார். "கை கட்டையாகாது. இது நெட்டையான, மெலிந்த ஒருவனுக்குத் தைத்த கோட். உன் கிழவன் எவ்வளவு உயரம்?"

எனக்குத் தெரியவில்லை. பின்னேரமாகிவிட்டது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. இலோனா கோட்டை என் கையில் தந்து, "போ. இது எங்கள் கோட், நாளைக்கு வரவேண்டும்" என்றார்.

சுரங்க ரயிலில் அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று தமிழிலேயே ஒத்திகை பார்த்தேன். ஷேர்போர்னில் இறங்கி நடந்தேன். ஓடினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் வழுக்கும் பனியில் நான் ஓடுவதில்லை.

கதவைத் திறந்தது குலம் அண்ணை. வெளியே போக வெளிக்கிட்டு நின்றார். சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், கதவடியில், சாம்பல் பெட்டி. வருடக்கணக்காக மேசைக்கு அழைத்த மனிதரை அக்கா சப்பாத்தடியில் கொண்டுவந்து வைத்திருந்தார். அதற்குக் காரணம் என் விளக்கம்.

"அண்ணை, போகாதேங்கோ. நான் சொன்னது பிழை" என்றேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. "அக்கா, அதைத் தைச்சது வில்லி இல்லை. நான்."

பவானி அக்கா குசினியிலிருந்து வந்தார். "நீ எப்பயடி ஜெர்மன் ஆமிக்குத் தைச்சனி?"

நூல், கொலர், முடிச்சு, விருந்துக் காட்சி எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் சொன்னேன். குலம் அண்ணைதான் முதலில் வாயைத் திறந்தார். "படத்தில நடிச்சனான், சூப் தந்தவங்கள் எண்டு ஒருக்கா சொன்னவர். கிழவர் அளக்கிறார் எண்டு நாங்கள் நம்பேல்லை."

 அக்கா உள்ளே போய் ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் கிழவருக்குப் போட்டிருந்தது, தோய்த்து வைத்திருந்தார். தரையில் விரித்தார். நான் அதற்குமேல் கோட்டை விரித்தேன், தோளுக்குத் தோள் பொருத்தி. கோட்டின் கை, கம்பளிச் சட்டையின் கையைத் தாண்டிப் போனது. அக்கா குனிந்து, மிஞ்சியதைச் சாணால் அளந்தார். முக்கால் சாணுக்கு மேல் வந்தது. இரண்டாவது கையையும் அளந்தார்.

"மேல் தட்டில இருந்து போத்தல் எடுக்க அந்தாளுக்கு ஸ்டூல் வேணும்" என்றார், தனக்குத்தானே.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதைப் போடேல்லை, சரி. வேறை ஒண்டைப் போட்டிருந்தால்?"

"இங்கை இல்லாத கோட்டை நான் எப்பிடி அக்கா பாக்கிறது? இது அவருக்குத் தைச்சதில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மத்தியானம் தெரியாததையும் சேத்துச் சொல்லிப்போட்டன்."

"அப்ப ஏன் எடுத்து வைச்சவர்? களவெல்லோ?"

"களவுதான்."

 அக்கா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிளுக்குப் பதிலா" என்றார். "இஞ்சேருங்கோ, கிழவன் சைக்கிளுக்குப் பதிலாக் கோட்டை அடிச்சிருக்கிறான்!" சிரித்தபடியே முகத்தைத் துடைத்தார். "எங்கட வீட்டுக்கும் தம்பியின்ர சைக்கிள் வரவேண்டியிருக்கு. எனக்கு ஒரு ஆமித் தொப்பிகூடக் கிடைக்கேல்லை."

குலம் அண்ணை சப்பாத்தைக் கழற்றினார். அக்கா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையின் சுவரோரக் கதிரைக்கு முன்னால் வைத்தார். அது வில்லியின் இடமாக இருக்கவேண்டும். நான் கேட்கவில்லை.

மறுநாள் கோட்டை இலோனாவிடம் கொடுத்தேன். "எல்லாவற்றையும் பிரி" என்றார். அன்று முழுக்க என் முதல் மாரியின் முடிச்சுகளை ஊசிமுனையால் கிளப்பினேன். அந்த ரீச்சர் இருந்திருந்தால் எனக்கு முழுப் புள்ளி தந்திருப்பார், ஒன்றும் இலகுவில் அவிழவில்லை. கடைசி முடிச்சுக்கு வந்தபோது இலோனா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதை விடு" என்றார். "திரும்பவும் தொலைந்தால், எங்களுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மேசைக்கு முன்னால் தொங்கவிடவில்லை. உண்மையான சொந்தக்காரன், அந்த நெட்டை மனிதன், யாரென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவரவில்லை.

பனி போனதும் சாம்பலைக் கரைக்க ஏரிக்கரைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் நாங்கள் இடம் மாறி மாறி நின்றோம். அக்காவின் மூத்த மகன் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்திருந்தான், வேண்டுமென்றேதான். அக்கா குனிந்து பெட்டியைச் சரித்தார். "கோட்டைத் திருப்பிக் குடுத்தாச்சு, குறை நினையாதேங்கோ" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். பழையபடி மரியாதை.

திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்தார்.

"மலர், என்ர பிளவுஸ் ரெண்டு இறுக்கமாப் போச்சு. வந்து இளக்கித் தாவன்." இரண்டடி நடந்தபின், "முடிச்சை மட்டும் போட்டிடாதை. நாளைக்கு நான் மெலிஞ்சாலும் மெலிவன்" என்றார்.

அவர் மெலியவில்லை. முடிச்சையும் நான் போட்டுத்தான் கொடுத்தேன்.